தோளில் இருந்த கை

தொண்ணூற்றொன்பது ஜூலை, ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டே முக்கால். மலாக்காவை அடுத்த மெர்லிமாவில் சந்தை கலைந்துகொண்டிருந்தது. கணேஸ்வரன் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்துல் வஹீதின் கடைக்குள் வந்தார்.

கடையின் முன்பாதியில் துணி. பின்பாதியைப் பலகையால் தடுத்து ஐந்து கணினிகள் போட்டிருந்தார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது சுசீலாவின் வேலை. அவளுக்கு இருபத்தாறு வயது. கடைக்கு வரும் பெரிய ஆண்கள் எல்லோரையும் அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

"வாங்கண்ணே."

கணேஸ்வரன் அவளுடைய அப்பாவின் மகன். மூத்த தாரத்து மகன். அலோர் காஜாவில் லாரி வைத்து மண் அடிக்கிறார். இந்தக் கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"அம்மா?"

"இருக்காங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பாவுக்கு வருஷத் திதி வருது. தம்பி ஹரி லண்டன்லேர்ந்து போன் பண்ணான். இன்டர்நெட்ல ஒரு பக்கம் போடணுமாம். நினைவஞ்சலி. அங்க இருக்கிறவங்க அங்கேர்ந்தே பாத்துக்குவாங்களாம்."

"போடலாம்ணே."

"மலாக்கா டவுன்ல ஒருத்தன் செய்யுறான். வாய் கூசாம காசு கேக்குறான். நம்ம வீட்டு வேலைக்கு எதுக்கு வெளியாளுன்னு இங்க வந்தேன்."

நம்ம வீடு என்று அவர் சொன்னதைச் சுசீலா கேட்டுக்கொண்டாள்.

"நல்ல படமா ஒண்ணு வேணும்" என்றார். "எங்கிட்ட இருக்கிறது ஐசி அட்டைக்கு எடுத்தது. அதுல அப்பா திருடன் மாதிரி இருக்காரு. உங்க வீட்டுல ஒண்ணு மாட்டியிருக்கும்ல?"

"இருக்குண்ணே."

அப்பா காளிமுத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, கங்காணியாக இருந்தவர். கடைசி ஒன்பது வருடம் சுசீலாவின் அம்மா குஞ்சம்மா வீட்டில்தான் இருந்தார். அங்கேதான் செத்தார். அன்று பிற்பகலே கணேஸ்வரன் வேனோடு வந்து உடலை அலோர் காஜாவுக்குக் கொண்டுபோனார். மறுநாள் பத்திரிகையில் மரண அறிவிப்பு வந்தது. மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள். குஞ்சம்மாவின் பெயர் இல்லை. சுசீலாவின் பெயரும் இல்லை.

அந்த அறிவிப்பைக் கத்தரித்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இந்த மாசியில் ஆயர் குரோவிலிருந்து தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்த ஜானகி அதைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். சுசீலா தன் ஐசி அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். சுசீலா ஏ/பி காளிமுத்து, அதாவது காளிமுத்துவின் மகள் என்று அதில் அச்சாகியிருந்தது. ஜானகி அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஐசி சர்க்கார் குடுக்கறது" என்றாள். "பத்திரிகையில போடறது குடும்பம். அவங்க ஒரு தடவ போடட்டும். நாங்க வந்து தட்டு மாத்துறோம்."

சுசீலா கணினியின் தூசியைத் துடைத்தாள்.

"பேரெல்லாம் போடுவீங்களாண்ணே? குடும்பத்துப் பேரு?"

"போடாம? அது இல்லாம நினைவஞ்சலியா?"

"என் பேரு?"

கணேஸ்வரன் முன்பக்கத்துத் துணிக்கட்டுகளைப் பார்த்தார்.

"போடுவோம் லா. வேலயே நீதான செய்யுற. உன் பேரு இல்லாமலா? இதையேதான் பத்திரிகைக்கும் குடுக்கப் போறேன்."

"சரிண்ணே."

"சாப்ட்வேர் ஏதும் வேணுமா? பத்து வெள்ளிக்கு காப்பி சீடி விக்கிறான். வாங்கியாரட்டா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அப்துல் வஹீது திரும்பாமலே பேசினார்.

"என் கடையில காப்பி சீடி ஏறாது தம்பி. ஜாசின்ல ஒரு கடைக்கு என்போர்ஸ்மென்ட் ஆபீசர் வந்து வயரோட அள்ளிட்டுப் போயிட்டான். சும்மா குடுக்கறதே ஆயிரம் இருக்கு. பொண்ணு புடிச்சிரும்."

"ஓசியில வர்றது நல்லா இருக்குமா பாய்?"

"ஓசி வேலைக்கு ஓசிதானே பொருத்தம்."

கணேஸ்வரன் சிரித்தார். சுசீலாவும் கொஞ்சம் சிரித்தாள்.

*

படம் ஹாலில் மாட்டியிருந்தது. ஒரு தீபாவளிக்கு ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டு எடுத்தது. சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். நடுவில் காளிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இலையும் கோடும் அச்சடித்த பழுப்பு பாத்தேக் சட்டை. நெற்றியில் மூன்று விரலால் பூசிய திருநீறு. ஒரு பக்கம் சுசீலா. மறுபக்கம் சற்றுத் தள்ளி குஞ்சம்மா, கையை நீட்டி அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

சுசீலா படத்தைக் கழற்றினாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"அவரு மட்டும் போதுமாம்" என்றாள்.

"அவருக்குத்தானே திதி" என்றாள் குஞ்சம்மா. முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உன்னை வெட்டிரலாம். என்னையும் வெட்டிரலாம். கைய என்ன பண்ணுவாங்க?"

"தெரியல."

"நானா வைக்கல. அந்த நாக்காலிக்கு ஒரு காலு கட்டை. ஒங்கப்பா ஆடிக்கிட்டே இருந்தாரு. ஸ்டுடியோக்காரன்தான் புடிச்சுக்குங்கம்மான்னான்."

கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"கைய எடுத்தா ஒங்கப்பா தோள்ல ஓட்டை விழுமா?"

"விழும்."

"அப்ப எடுக்க மாட்டாங்க" என்றாள்.

*

மறுநாள் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே சுசீலா இணையத்தில் தேடினாள். இலவசம் என்ற பெயரில் நிறைய இருந்தன. பல இலவசமில்லை. ஒன்று முப்பது நாள் வேலை செய்யும், பிறகு பணம் கேட்கும். ஒன்று படத்தைச் சேமிக்கும்போது குறுக்கே தன் பெயரை எழுதிவைத்தது. அவற்றை நீக்கினாள்.

இரண்டு மிஞ்சின.

முதலாவது சின்னது. சீக்கிரம் இறங்கிவிட்டது. படத்தை வெட்டும், சுருக்கும், நிறங்களைக் குறைத்துக் கோப்பைச் சிறியதாக்கும். ஏதாவது ஒரு நிறத்தைக் காட்டினால் அந்த நிறம் இருக்கும் இடமெல்லாம் கண்ணாடி போலாகி, பக்கத்தின் நிறம் அதன் வழியே தெரியும். வேறெதுவும் தெரியாது அதற்கு.

இரண்டாவது பெரியது. அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதி எல்லோருக்கும் பொதுவாக விட்டது. விண்டோஸுக்கு அப்போதுதான் வந்திருந்தது. அது இறங்கி முடியும் வரை கடையின் தொலைபேசி வேலை செய்யவில்லை. அப்துல் வஹீது இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தார்.

"என்ன பொண்ணு, அமெரிக்காவையே இறக்குறியா?"

"முடிஞ்சிருச்சு பாய்."

அதைத் திறந்து பார்த்தாள். கருவிகள் வரிசையாக இருந்தன. விளிம்பைப் பிடித்துப் பிடித்து ஓர் ஆளை மட்டும் தனியாக எடுக்க ஒன்று. ரப்பர் முத்திரை போல ஒன்று. அந்த முத்திரையால் படத்தின் ஓரிடத்தைத் தொட்டு இன்னோரிடத்தில் தேய்த்தால், தொட்ட இடத்தில் இருந்தது தேய்த்த இடத்தில் வந்தது. ஒரு பூனையின் படத்தில் செய்து பார்த்தாள். பூனையின் காது போய்ப் புல் முளைத்தது.

அதை மூடினாள். ஸ்கேன் செய்து வைத்திருந்த அப்பாவின் படத்தைச் சின்ன நிரலில் திறந்தாள்.

தன்னை வெட்டினாள். அம்மாவை வெட்டினாள். மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையலோடு கை மட்டும் தோளில் நின்றது.

*

திங்கட்கிழமை கணேஸ்வரன் வந்து படத்தைப் பார்த்தார்.

"அப்பா நல்லா இருக்காரு. இது யாரு கை?"

அவர் அதைத் தெரியாமல் கேட்கவில்லை.

"எடுத்துரும்மா அத."

"இதுல முடியாதுண்ணே. இது வெட்டும், சுருக்கும். நடுவுல இருக்கிறத எடுக்காது. கைய எடுத்தா அந்த இடம் காலியாயிரும்."

"ஓசின்னா அப்படித்தான் போல."

"ஆமாண்ணே."

அவர் திரையை ஒட்டி உட்கார்ந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி. சின்னதாத்தான் தெரியுது. யாரு பாக்கப் போறா? பக்கத்துல போட்டுக் காட்டு."

பக்கத்தின் நிறத்தை அவரே சொல்லியிருந்தார். அடர் சிவப்பு. வீட்டுச் சாமி படச் சட்டத்தின் நிறம். சுசீலா படத்தின் பின்னாலிருந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள். வெள்ளை கண்ணாடியானது. துணி மறைந்து, காளிமுத்து சிவப்பின் மேல் வந்து உட்கார்ந்தார்.

இருவரும் பார்த்தார்கள்.

திருநீறு இல்லை. நெற்றியில் மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தன. கண்ணின் வெள்ளையும் சிவப்பு. நரைத்த இடமெல்லாம் சிவப்பு. வெள்ளை இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, பக்கம் தெரிந்தது.

"என்னம்மா இது?"

"வெள்ளைய எடுக்கச் சொன்னா எல்லா வெள்ளையையும் எடுத்துருது."

"அப்பா நெத்தியக் கிழிச்ச மாதிரி இருக்கு."

"பக்கத்த வெள்ளையா வச்சுக்கலாம்ணே. அப்ப இது தெரியாது."

"வெள்ளைப் பக்கம்னா வேல முடியாத மாதிரி இருக்கும். ஹரி என்ன சொல்லுவான்?"

"இருங்கண்ணே."

விண்டோஸோடு வந்த பெயின்டில் படத்தைத் திறந்தாள். கொஞ்சம் மங்கலான வெள்ளையை எடுத்து மூன்று கோடு போட்டாள். அழித்தாள். மறுபடியும் போட்டாள்.

"கோடு போட்ட மாதிரி இருக்கு" என்றார் கணேஸ்வரன். "பூசின மாதிரி இல்ல. எங்கம்மா பாத்தா கொன்னுருவாங்க. அப்பா குளிச்சுட்டுத் திருநீறு பூசாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. உனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடம் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

"தெரியும்ணே" என்றாள்.

முன்பக்கத்திலிருந்து அப்துல் வஹீது வந்தார். கையில் கோப்பி. திரையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாவம், மண்டோர் கண்ணப் பாரு. ஏம் பொண்ணு, இன்னொண்ணு இறக்கினியே. என் போனையெல்லாம் நிறுத்திப் போட்டு. அது என்னாச்சு?"

உதவி என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார்.

கணேஸ்வரன் சுசீலாவைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கா?"

"இருக்குண்ணே."

"அதுல திருநீறு நிக்குமா?"

"நிக்கும்."

"பின்ன அத ஏன் தொறக்கல?"

"எனக்கு இன்னும் சரியாப் பழகல."

"பழகிக்க. நான் இங்கதான இருக்கேன்."

அவள் அதைத் திறந்தாள். அது மெதுவாகத் திறந்தது. படத்தைப் போட்டாள். அப்பாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். காது, கழுத்து, சட்டைக் காலர். தோளுக்கு வந்தபோது கையையும் சேர்த்துச் சுற்றினாள். வெள்ளைத் துணி மட்டும் போனது. நெற்றி அப்படியே இருந்தது.

"ஆங்" என்றார் கணேஸ்வரன். "இது அப்பா."

அவர் முகம் மாறியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுசீலா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததென்று நினைத்தாள்.

அவர் விரல் திரையில் கருவிகளின் மேல் போனது.

"இதெல்லாம் என்ன?"

"இது பெரிசு பண்ண. இது கலர் ஊத்த."

"இது? சாப்பு மாதிரி இருக்கே."

ரப்பர் முத்திரைக்கு ஆபீசில் சொல்லும் மலாய்ச் சொல். அவருடைய லாரி ரசீதெல்லாம் சாப்பு குத்தித்தான் போகும்.

"அது..." என்றாள். "ஒரு இடத்துல இருக்கிறத எடுத்து இன்னொரு இடத்துல வைக்கும்."

"எடுத்து வைக்கும்னா? சட்டைத் துணிய எடுத்து வைக்குமா?"

அவள் மவுஸை அந்த இடத்திலிருந்து நகர்த்தினாள்.

"வைக்கும்ல?"

"வைக்கும்ணே."

"அப்ப எடுத்துரு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "தப்பா நெனக்காத. ஹால்ல பெரிசாப் பிரிண்ட் போட்டு மாட்டப் போறேன். எங்கம்மா அதுக்கு முன்னால உக்காந்து விளக்கு ஏத்தணும். அவங்க புருஷன் தோள்ல இன்னொருத்தி கையா?"

சுசீலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலி ஆடாமல் இருந்ததால் சிரித்த சிரிப்பு.

"என் பேரு போடுவீங்கல்ல?"

"சொன்னேன்ல. எத்தன தடவ கேப்பே?"

முத்திரையை எடுத்தாள். பாத்தேக் சட்டையின் மார்பில் ஓர் இலை இருந்தது. அதைத் தொட்டுக் கொண்டுவந்து வளையல்களின் மேல் தேய்த்தாள். வளையல் போனது. பிறகு மணிக்கட்டு. பிறகு புறங்கை. பால் வெட்டிய கை அது. கத்தி பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரல் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அந்த விரலுக்குச் சட்டையின் கோடு சரியாகப் பொருந்தவில்லை. பின்வாங்கி மறுபடியும் தேய்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் கணேஸ்வரன். "நகம் தெரியுது."

நகமும் போனது.

"ஓசின்னே சொல்ல முடியாது" என்றார். "அந்த மலாக்காக்காரன் இப்படிச் செஞ்சிருப்பானா?"

*

பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்தால் லண்டனில் அந்த எழுத்துரு இருக்காது. வெறும் கிறுக்கலாகத் தெரியும். அதனால் பெயர்களையும் ஒரு படமாகத்தான் செய்ய வேண்டும் என்று சுசீலா விளக்கினாள். சிவப்பின் மேல் மஞ்சள் எழுத்து. படமாகச் சேமித்துவிட்டால் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. முழுதும் புதிதாகச் செய்ய வேண்டும்.

"அப்ப தப்பில்லாமச் சொல்றேன்" என்றார் கணேஸ்வரன். "போடு. மண்டோர் காளிமுத்து. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி."

போட்டாள்.

"அன்பு மனைவி சுப்பம்மா."

போட்டாள்.

"மகன்கள். கணேஸ்வரன், ஹரிதாஸ்."

போட்டுவிட்டு, அதன் கீழே ஒரு வரி இடம் விட்டாள். கர்சர் அந்த வரியில் மின்னிக்கொண்டிருந்தது.

"மருமகள்கள்" என்றார். "உஷாராணி, தேவமலர்."

கர்சரைக் கீழே இறக்கினாள். மருமகள்களைப் போட்டாள். பேரப்பிள்ளைகளைப் போட்டாள். ஐந்து பெயர்கள். கடைசிக் குழந்தை லண்டனில் பிறந்தது. அதன் பெயரை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மற்றும் உற்றார் உறவினர்" என்றார். "அவ்வளவுதான்."

பக்கம் வெள்ளையாக இருந்திருந்தால் அவ்வளவு தெரிந்திருக்காது. சிவப்பில் அந்தக் காலி வரி நன்றாகத் தெரிந்தது.

"நடுவுல ஏன் இடம்? மேல ஏத்து. பத்திரிகையில அதுக்கும் காசு."

சுசீலா ஏற்றவில்லை.

"அண்ணே, என் பேரு."

"அட, மறந்துட்டேன்னு நெனச்சியா?" கணேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "கீழ வா. இன்னும் கீழ. ஆங், மூலையில. கொஞ்சம் சின்ன எழுத்தா. பக்க வடிவமைப்பு: சுசீலா, மெர்லிமாவ்."

அப்துல் வஹீது கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்கும் நல்லது லா" என்றார் கணேஸ்வரன். "பேரப் பாத்துட்டு நாலு பேரு வேல குடுப்பான். காசு வாங்கிக்க, எங்கிட்ட மாதிரி விட்டுராத. நான்தான் சொன்னேன்ல, உன் பேரு இல்லாமலான்னு."

வெளியே சந்தை நடக்கும் இடத்தில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். அது கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தார்கள்.

சுசீலா காலி வரியை மேலே ஏற்றினாள். ஹரிதாஸுக்கு அடுத்து உஷாராணி வந்து ஒட்டிக்கொண்டாள். பிறகு மூலைக்கு இறங்கி, எழுத்தைச் சிறியதாக்கி, அவர் சொன்னதைத் தட்டினாள். பக்க வடிவமைப்பு. இரட்டைப் புள்ளி. சுசீலா. அங்கே நிறுத்தினாள்.

"சேவ் பண்ணு" என்றார். "லாரி ரோட்டுல நிக்குது."

அவள் விரல்கள் எழுத்துப் பலகையின் மேலேயே இருந்தன. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"முழுப் பேரையும் போடட்டுமாண்ணே, ஐசியில இருக்கிற மாதிரி?"